வாங்காத சம்மனும் வந்து சேரும்

போன வாரம் பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி ஆபீசுக்கு வந்தார். பனியன் ஜாப் ஒர்க் செய்கிறவர். "கோர்ட் தபால் வந்துதுங்கண்ணா. வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டேனுங்க" என்றார், பெரிய காரியம் சாதித்த முகத்தோடு. வக்கீல் குமாஸ்தாவாக எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. 1999-ல் நானும் இதையேதான் செய்தேன்.

தேதியைக் குறித்து வையுங்கள், கவரைத் தொலைக்காதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். சொன்னாலும் கேட்காத சிலதை மட்டும் சொல்கிறேன்.

"வாங்கினால்தானே கேஸ்?"

அப்போது சென்னிமலைப் பக்கம் எங்களுக்கு நாலு தறி. நூல் கடையில் 42,000 ரூபாய் பாக்கி. அதில் 27,000 கட்டி, கடைக்காரர் கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டுகளை ஒரு மஞ்சப்பையில் வைத்திருந்தேன். அவர் முழுத் தொகைக்கும் கேஸ் போட்டார். "வாங்காதே மாப்பிள்ளை, வாங்கினால்தானே கேஸ்?" என்று யோசனை சொன்னது எதிர்வீட்டு மாமன். பதிவுத் தபால் வந்தபோது, "கொண்டுட்டுப் போயிருங்க" என்றேன். தபால்காரர் ஒன்றும் பேசாமல் கவரை சைக்கிள் சீட்டில் வைத்து, 'வாங்க மறுத்துவிட்டார்' என்று எழுதித் தேதி போட்டார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் கோர்ட்டிலிருந்து சம்மன் கொண்டுவரும் அமீனா வந்தார். முகத்துக்கு நேராகவே வாங்க மாட்டேன் என்றேன். நிலைக்கதவில் நகலை ஒட்டிவிட்டு, சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கையெழுத்துப் போட்டது அதே மாமன்.

சட்டப்படி அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. வாங்க மறுப்பதும் வாங்கின கணக்குதான். வாய்தா அன்று கோர்ட் சேவகரான டவாலி பெயரைக் கூப்பிட்டிருப்பார், ஆள் இல்லை, எக்ஸ்பார்ட்டி, அதாவது நான் இல்லாமலே கேஸ் நடக்கும். எதிராளி கணக்கு நோட்டைக் காட்டினார். 42,000-ஐயும் வட்டி, செலவோடு கட்டச் சொல்லி டிக்ரி ஆனது. என் மஞ்சப்பையைத் தேடி நீதிபதி சென்னிமலைக்கு வருவாரா? பாதிக்கு மேல் என் பக்கம் இருந்த கேஸ் அது. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான்.

நிறைவேற்று மனு போட்டு, எங்கள் ஒன்றேகால் ஏக்கர் காட்டை ஜப்தி செய்தார்கள். வரப்பில் நின்று தமுக்கடித்துச் சொன்னார்கள். ஆடு மேய்த்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அய்யன் அன்றைக்குப் பொழுதுக்கும் கட்டிலை விட்டு எழவில்லை.

எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்ய டிக்ரி தேதியிலிருந்து 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். சம்மன் முறையாகக் கிடைக்காதவருக்கு, டிக்ரி தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். "கேஸ் இருப்பதே தெரியாது" என்றுதான் எங்கள் மனுவில் எழுதினோம். எதிர்த்தரப்பு வக்கீல் கேஸ் கட்டுக்குள்ளிருந்து நான் திருப்பி அனுப்பின அந்தக் கவரை உருவிக் காட்டினார். மனு தள்ளுபடி. ஒரு தரம் கட்டின 27,000-ஐ இன்னொரு தரம் கட்டினேன். அந்த மனுவுக்காக வக்கீல் ஆபீசுக்கு நடந்து நடந்துதான் இந்த வேலைக்கே வந்து சேர்ந்தேன்.

தம்பிக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. இ-கோர்ட்ஸ் செயலியில் அவர் பெயரைப் போட்டுத் தேடினோம். முதல் வாய்தாவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அங்கேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்கிவிட்டோம். சம்மன் சேர்ந்த 30 நாளுக்குள் எதிர்வழக்குரை, அதாவது நம் பக்கத்துப் பதிலை எழுத்தில், போட வேண்டும். தகுந்த காரணம் சொன்னால் 90 நாள் வரை கோர்ட் பார்க்கும்.

"செக் கேஸ்தானே, பேசிக்கலாம்"

பேசுங்கள், ஆனால் கோர்ட்டுக்கும் போங்கள். போகாவிட்டால் பெரும்பாலும் முதலில் ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், அப்புறம் பிடிவாரண்ட். கேஸுக்கு முன்னால் அனுப்ப வேண்டிய வக்கீல் நோட்டீஸ் தனக்கு வரவே இல்லை என்பவருக்கு 2007-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொல்லியிருக்கிறது: சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டிவிட்டு, புகாரைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். சம்மனைத் திருப்பி அனுப்புகிறவர் அந்த 15 நாளையும் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறார்.

"நான் வெறும் சாட்சிதானுங்க"

சாட்சிக்கும் வாரண்ட் உண்டு. கோர்ட் உத்தரவு இருந்தும் வேண்டுமென்றே வராமல் இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 208-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"வீட்டில் ஆம்பளைங்க இல்லீங்க"

கிரிமினல் சம்மனில் இந்தச் சாக்கு 2024 ஜூலை 1 முதல் செல்லாது. ஆள் அகப்படவில்லை என்றால் குடும்பத்தில் கூட இருக்கும் வயது வந்த யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகலாம், அம்மிணியிடமும்.

வீடியோ காலில் 'கைது'

போலீஸ், கோர்ட் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டுவது மோசடி, அது சம்மனே இல்லை. போனை வையுங்கள்.

கோர்ட் வாசல் டீக்கடை

டவாலி குரல் அங்கே கேட்காது.