வேடந்தாங்கலில் பறவைப் படம் எடுக்கப் பெரிய லென்ஸ் வேண்டாம்

போன் கேமராவைப் பைனாகுலரின் ஒரு கண்ணோடு ஒட்டிப் பிடித்து, முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொண்டு எடுங்கள், நத்தைகுத்தி நாரையின் அலகில் இருக்கும் இடைவெளிகூடத் தெரியும். சுற்றிலும் கறுப்பு வட்டம் வந்தால் லேசாக ஜூம் செய்தால் போதும். பெரிதாக்கும் வேலையைப் பைனாகுலரே பார்த்துக்கொள்வதால் படம் உடையாது, அப்புறம் கூடுகள் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் இருப்பதால் பறவைகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். கரையில் ஆள் நடந்தால் அவை அலட்டிக்கொள்வதும் இல்லை. ஊரே காத்துவரும் பறவைகள் அவை: எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்த ஊர்க்காரர்கள் 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் அவற்றுக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர்களாயிற்றே. பறக்கும் பறவைக்கும் மங்கிய மாலை வெளிச்சத்துக்கும் இந்தப் பைனாகுலர் முறை சரிவராது. மழை பொய்த்து ஏரி வற்றிய வருடமென்றால் பறவைகள் வந்திருக்கின்றனவா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.