ராஸ்பெர்ரி பை பூட் ஆகவில்லையா? கார்டை அழிப்பதற்கு முன் கரண்டைப் பாருங்கள்

சோமனூர் பக்கம் மாமாவின் தறி குடோனில் ஒரு ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு) மாட்டியிருக்கிறோம், எந்தத் தறி எத்தனை மணிக்கு நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று குறித்துக்கொண்டே இருக்கும். ஆடி மாதத்தில் ஒரு நாள் கரண்ட் போய்த் திரும்பி வந்தது, தறியெல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது, இது மட்டும் கம்மென்று கிடந்தது. "போர்டு போயிருச்சுங்களா மாப்ள, புதுசு வாங்கிடலாமா" என்று மாமா கேட்டார். அன்று பார்த்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். பூட் ஆகாத, அதாவது பவர் கொடுத்தும் ஸ்டார்ட் ஆகாத பையை என்னிடம் கொண்டுவருகிறவர்களில் பலர் அதற்குள் அதன் மெமரி கார்டை (சிஸ்டமும் டேட்டாவும் அதில்தான் இருக்கும்) அழித்துப் புதிதாக எழுதியிருப்பார்கள். உள்ளே இருந்த டேட்டாவும் போயிருக்கும், கோளாறும் அப்படியே இருக்கும்.

முதலில் எல்லாவற்றையும் கழற்றுங்கள். யுஎஸ்பியில் இருப்பது, சென்சார் வயர்கள், மேலே செருகிய போர்டு எதுவும் வேண்டாம், பவரும் கார்டும் போதும். எங்கோ ஒரு சென்சார் வயர் ஷார்ட் ஆகியிருந்தால் இந்த ஒரு வேலையிலேயே பை எழுந்துவிடும்.

அடுத்து, பை 3, பை 4இல் சிவப்பு லைட். அது எரியவே இல்லை என்றாலும், எரிந்து எரிந்து அணைந்தாலும் சந்தேகம் பவர் மேல்தான். பை 4இல் வோல்டேஜ் சுமார் 4.63க்குக் கீழே இறங்கினால் சிவப்பு லைட் அணையும். பை 3க்கு 2.5 ஆம்பியர், பை 4க்கு 3 ஆம்பியர், பை 5க்கு 5 ஆம்பியர் அடாப்டர் என்பதுதான் கணக்கு. போன் சார்ஜரில் 18 வாட், 33 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது 9 வோல்ட்டுக்கும் அதற்கு மேலும் போய்க் கொடுக்கிற வாட், 5 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று அதே லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும், அதைத்தான் படிக்க வேண்டும். தறி மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும்போது குடோனில் வோல்டேஜ் தொய்வதைப் பலரும் குறை சொல்வார்கள். நல்ல அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் வேலை செய்யும், அதனால் நான் அடாப்டருக்கு இந்தப் பக்கம், கேபிளும் போர்டும் இருக்கிற பக்கம்தான் முதலில் தேடுவேன்.

மல்டிமீட்டர் இருந்தால் ஊகமே வேண்டாம். போர்டில் முள் முள்ளாக நிற்கும் பின்களில் (pin), கார்டு செருகும் பக்கத்து மூலையிலிருந்து, போர்டின் ஓரத்து வரிசையில் முதல் இரண்டு பின்களும் 5 வோல்ட், மூன்றாவது கிரவுண்ட். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கருப்பைக் கிரவுண்டிலும் சிவப்பை 5 வோல்ட்டிலும் தொட்டுக்கொண்டே பவர் போடுங்கள். மாமாவின் போர்டில் 5.0 காட்டியது, பச்சை லைட் நாலைந்து முறை மினுக்கியதும் 4.4க்குச் சரிந்தது, சிவப்பு லைட் அணைந்தது. ஆறு மாதமாக அதே கேபிள்தான். சும்மா ஓடும்போது போர்டு கொஞ்சமாகத்தான் இழுக்கும், பூட் ஆகும்போது ஒரேயடியாக இழுக்கும், கழுத்தில் வளைந்து வளைந்து நொந்துபோன கேபிளால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. குட்டையான, தடித்த கேபிள் ஒன்றை மாற்றினேன், 5.1 அசையாமல் நின்றது. தொடும்போது கை நடுங்கக் கூடாது: அந்த 5 வோல்ட் பின்னை ஒட்டியே உள் வரிசையில் இருப்பது 3.3 வோல்ட் பின், மீட்டர் முனை இரண்டையும் சேர்த்துத் தொட்டால் நன்றாக இருந்த போர்டும் செத்துவிடும். 5 வோல்ட் சரியாக வந்தும் அந்த 3.3 வரவில்லை என்றால் பவர் சிப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம், அப்போது மட்டும் புது போர்டுக்குப் பணம் எடுங்கள்.

பவர் சரி, ஆனாலும் எழவில்லையா? கார்டை உருவிவிட்டு, பவர் சாக்கெட்டை ஒட்டிய எச்டிஎம்ஐயில் மானிட்டரைச் செருகுங்கள். பை 4, பை 5 இரண்டிலும் பூட்லோடர் (சிஸ்டத்தைக் கிளப்பிவிடும் சின்ன புரோகிராம்) போர்டிலேயே இருக்கிறது, அதனால் கார்டு இல்லாமலே திரையில் எழுத்து வரும் (பை 4இல் ரொம்பப் பழைய பூட்லோடர் என்றால் வராது). வந்தால் போர்டு உயிரோடு இருக்கிறது, கோளாறு கார்டில். பை 3இல் இந்தச் சோதனை நடக்காது, அதன் பூட்லோடரே கார்டில்தான் இருக்கிறது, கார்டு இல்லாவிட்டால் வெறும் சிவப்பு லைட்தான்.

பச்சை லைட்டையும் எண்ணுங்கள். நான்கு முறை மினுக்கி நிறுத்தி மறுபடி நான்கு என்றால் ஸ்டார்ட் ஃபைல் (பூட்லோடர் அடுத்துத் தேடும் ஃபைல்) கிடைக்கவில்லை, ஏழு என்றால் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) கிடைக்கவில்லை. வானவில் நிறத்தில் திரை வந்து உறைந்துவிட்டால் ஃபர்ம்வேர் (போர்டைத் தயார்செய்யும் புரோகிராம்) வரை வந்து கெர்னலில் நிற்கிறது, பழைய போர்டில் ஓடிய கார்டை அப்படியே புது போர்டில் செருகினால் அடிக்கடி இப்படி ஆகும். பை 4இல் திரையும் இல்லை, பச்சையும் இல்லை என்றால் ராஸ்பெர்ரி பை இமேஜரில் (கார்டில் சிஸ்டத்தை எழுதும் சாஃப்ட்வேர்) பூட்லோடரைச் சரிசெய்யும் பூட்லோடர் ரெக்கவரி இமேஜ் இருக்கிறது, வேறொரு கார்டில் எழுதிச் செருகுங்கள். வேலை முடிந்ததும் பச்சை லைட் வேகமாக மினுக்கிக்கொண்டே இருக்கும்.

கார்டுக்கு வருவோம். எங்கள் ஊர்ப் பக்கம் பஞ்சுத் தூசிதான் முதல் எதிரி, ஸ்லாட்டில் பஞ்சு அடைந்து கார்டு சரியாக உட்காராமல் போனதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன், பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தாலே போதும். அப்புறம் கம்ப்யூட்டரில் செருகினால் விண்டோஸ் "ஃபார்மட் செய்யவா" என்று கேட்கும். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள்! கார்டு கெட்டதால் கேட்கவில்லை, லினக்ஸ் பார்ட்டிஷனை (பையின் சிஸ்டம் இருக்கும் பகுதியை) அதற்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். முழுக் கார்டையும் இமேஜாக (அச்சு அசல் நகலாக ஒரே ஃபைலில்) எடுத்துவைத்த பிறகுதான் பழுது பார்க்க வேண்டும். ஒரு ஃபைலை அழித்துவிட்டு, கார்டை உருவித் திரும்பச் செருகும்போது அந்த ஃபைல் பழையபடி அங்கேயே இருந்தால் கார்டின் ஆயுள் முடிந்துவிட்டது, இனி அதில் எதுவும் எழுதப்படாது, ஆனால் படிக்க முடியும், உடனே காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் பெட்டிக்குள் இப்போது அதே இமேஜ் எழுதிய இன்னொரு கார்டைச் சின்ன ஜிப் கவரில் போட்டு மூடியில் ஒட்டியிருக்கிறேன், கூடவே ஒரு தடித்த கேபிளும்.