முற்றுகை நாணயத்தைப் படிப்பது எப்படி: லாண்டாவ் காசுகளோடு ஒரு பயிற்சி

ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள லாண்டாவ் ஒரு கோட்டை நகரம். 1702-லும் 1713-லும் எதிரிப் படை அதைச் சூழ்ந்துகொண்டது. உள்ளே மாட்டிக்கொண்ட தளபதிகள், சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தங்கள் சாப்பாட்டு மேசையின் வெள்ளிப் பாத்திரங்களையே வெட்டிக் காசாக்கினார்கள். நாணயம் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் காசுகளைத்தான். 1702 காசு ஒன்றின் பெரிய படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஓரத்தைப் பாருங்கள். வட்டமாக இருக்காது, வெட்டிய துண்டு. சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும் வளைந்து வரம்பு கட்டியதுபோல் இருக்கும். அது தட்டின் விளிம்பு! அதைக் கண்ணால் கண்டபிறகு இந்தக் காசை மறக்கவே முடியாது.

படி 2: முத்திரைகளை எண்ணுங்கள். தளபதி மெலாக்கின் குலச்சின்னம், மூலைகளில் லில்லிப் பூ, மதிப்பு, ஊர்ப்பெயர், ஆண்டு. எல்லாம் ஒரே அச்சில் விழுந்தவை அல்ல. காரணம் புரிய வேண்டுமா? பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைத் தட்டையாக்கி, அதில் ஒரு சட்டைப் பொத்தானை அழுத்துங்கள். சுலபமாகப் பதியும். அப்புறம் ஒரு டப்பா மூடியை அதே ஆழத்துக்கு அழுத்திப் பாருங்கள், கை வலிக்கும். நாணயச்சாலை இயந்திரம் இல்லாமல் சுத்தியலால் அடித்தவர்களுக்கும் சிறு அச்சுகளே கைகொடுத்தன.

படி 3: திருப்புங்கள். பின்பக்கம் வெறுமை. சரி, அடுத்தது.

படி 4: மதிப்பைப் படியுங்கள். இதுதான் முக்கியம். 1702 காசில் 4 லிவர் 4 சோல் என்றிருக்கும். 2 லிவர் 2 சோல், 1 லிவர் 1 சோல் காசுகளும் உண்டு. 20 சோல் ஒரு லிவர். ஆக 84, 42, 21 சோல்: ஒவ்வொன்றும் முந்தையதில் சரிபாதி. லிவர் பிரெஞ்சுப் பணம். அப்படியென்றால் கோட்டைக்குள் இருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்.

இப்போது 1713 காசை எடுங்கள். 2 ஃப்ளோரின் 8 க்ரொய்ட்சர்: இவை ஜெர்மன் நாடுகளின் பணம். கூடவே 'பேரரசருக்காக, பேரரசுக்காக' என்ற பொருளில் லத்தீன் எழுத்து. அதே ஊர், ஆனால் இம்முறை உள்ளே புனித ரோமப் பேரரசின் (அன்றைய ஜெர்மன் நாடுகளின் கூட்டு) படை, தளபதி வூர்ட்டம்பெர்க்கின் கார்ல் அலெக்சாண்டர். வெளியே பிரெஞ்சுப் படை.

பயிற்சிக்கு, 1793-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் அடித்த முற்றுகைக் காசைத் தேடுங்கள். அது வட்டமானது, வெள்ளியும் அல்ல. மதிப்பு 5 சோல். உள்ளே யார் இருந்தார்கள் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.