விட்டுவிட்டு நிற்கும் ஏ.டி.வி.: சி.டி.ஐ. மாற்றுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஐப்பசியில் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு ஏ.டி.வி. (கரடுமுரடான பாதையில் ஓடும் நாலு சக்கர வண்டி) எங்கள் பட்டறைக்கு வந்தது. உர மூட்டை, மருந்து கேன் ஏற்றிக்கொண்டு தினமும் மேட்டுக்கு ஏறி இறங்குகிற வண்டி. ஓட்டுகிற தம்பி சொன்னார்: “அண்ணா, காலையில ஏத்தத்துல ரெண்டு தடவை பொசுக்குன்னு நின்னுடுச்சு. இங்க கொண்டு வர்றதுக்குள்ள நல்லாயிடுச்சு.” அதற்கு முன்பே வேறொரு இடத்தில் பிளக், ஹெச்.டி. காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் சுருள்), சி.டி.ஐ. (ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) மூன்றையும் மாற்றியிருந்தார்கள். மாற்றிய பிறகும் அதே ஏற்றத்தில் நின்றிருக்கிறது.

அடியோடு ஸ்டார்ட் ஆகாத வண்டியைச் சரிசெய்வது அவ்வளவு கஷ்டமில்லை. கோளாறு நம் கண்முன்னே இருக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் பிடித்துவிடலாம். விட்டுவிட்டு வரும் கோளாறு அப்படியில்லை. வண்டி நன்றாக ஓடுகிற நேரத்தில் எந்த மீட்டரை வைத்தாலும் எல்லாம் சரியாகத்தான் காட்டும். அந்த நேரத்தில் கப்ளர்களை (ஒயர்களை இணைக்கும் செருகிகளை) எல்லாம் கழற்றி மாட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கப்ளருக்குள் லூஸாக இருந்த உலோகப் பின், கழற்றி மாட்டியதில் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும். வண்டி நாலு நாள் ஓடும். கடைசியாக எதை மாற்றினோமோ அதுதான் காரணம் என்று நம்பிவிடுவோம். ஐந்தாம் நாள் வண்டி காட்டோரத்தில் நிற்கும். முதலில் கோளாறை வரவழைக்க வேண்டும், ஸ்பேனர் அப்புறம்.

வரவழைப்பதற்கு ஓட்டுகிறவரிடம் கேட்க வேண்டும். முதலாளியிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். பொட்டென்று நின்றதா, இழுக்காமல் திணறித் திணறி நின்றதா? நின்றபோது ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்ததா? மறுபடி ஸ்டார்ட் ஆக எத்தனை நிமிடம் ஆனது? பனிமூட்டமா, வெயிலா? ஹாண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது? இந்தப் பதில்களிலேயே பாதி வேலை முடிந்துவிடும். லைட்டும் சேர்ந்து அணைந்தால் சாவி சுவிட்ச், ஃபியூஸ், பேட்டரி முனை, மெயின் எர்த் (பேட்டரியை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஒயர்) என்று பொதுவான இடத்தைப் பார்க்க வேண்டும். லைட் எரிந்து இன்ஜின் மட்டும் நின்றால் தேடல் ஸ்பார்க் பக்கமோ பெட்ரோல் பக்கமோ சுருங்கிவிடுகிறது.

ஸ்பார்க்கா பெட்ரோலா என்று பிரித்துப் பார்க்காமல் ஒயரிங்கில் இறங்குவது அடுத்த தவறு. டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் வண்டி கால் மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு நிற்கும், கொஞ்சம் விட்டால் மறுபடி ஓடும். சூட்டில் காயில் செத்துப் பிழைப்பது போலவே இருக்கும். நின்ற உடனே மூடியைத் திறந்து ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கிறதா பாருங்கள். இழுத்தால் சி.டி.ஐ. வாங்க வேண்டியதில்லை.

இங்கே உயரமும் சேர்ந்து குழப்பும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோயம்புத்தூரில் ட்யூன் செய்த கார்புரேட்டர் வண்டியை அப்படியே மேலே கொண்டு வந்தால் பெட்ரோல் அதிகமாகிப் பிளக் கரி பிடிக்கும். கரி வழியாகக் கரண்ட் கசிந்து மிஸ்ஸிங் (இடையிடையே இன்ஜின் அடிக்காமல் தவறுவது) வரும். புது பிளக் போட்டால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். ‘பிளக்தான் கோளாறு’ என்று முடிவு கட்டிவிடுவோம். மாற்ற வேண்டியது கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்.

ஸ்பார்க் பார்க்கும் முறையிலும் ஏமாறுகிறோம். பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து, “நீலமா அடிக்குது, ஸ்பார்க் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிடுகிறோம். வெளியே காற்றில் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் தேவையில்லை. உள்ளே கம்ப்ரஷனில், அதுவும் சுமையோடு ஏற்றம் ஏறும்போது, பல மடங்கு தேவை. பலவீனமான காயில் வெளியே நன்றாக அடித்து உள்ளே தவறும். 6 அல்லது 7 மில்லிமீட்டர் இடைவெளி தாண்ட வேண்டிய ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கி வண்டியின் டூல் பையிலேயே போட்டு வையுங்கள். நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் பார்க்க அது உதவும். பிளக் ஒயரை வெறுமனே தொங்கவிட்டு செல்ஃப் அடிக்காதீர்கள். தாண்ட வழியில்லாத வோல்ட் காயிலையோ சி.டி.ஐ.யையோ கெடுத்துவிடும். பெட்ரோல் வாடை வரும் பிளக் ஓட்டைக்குப் பக்கத்திலும் ஸ்பார்க் அடிக்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

பனியில் மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்கு நான் நம்பும் சோதனை ஒன்று இருக்கிறது. இருட்டிய பிறகு ஷெட் விளக்கை அணைத்துவிட்டு இன்ஜினை ஐடிலில் ஓட விட்டு, சட்டைக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலால் ஹெச்.டி. ஒயர் மேலும் பிளக் கேப் மேலும் லேசாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். கையால் எதையும் தொடக் கூடாது. ஒயரில் விரிசல் இருந்தால் அந்த இடத்திலிருந்து இன்ஜினுக்கு நீல நூல் போல ஒளி ஓடும். பகலில் எத்தனை முறை பார்த்தாலும் தெரியாத விரிசல் அப்போது தெரியும். சில சமயம் கேப்புக்குள் நுழையும் ஒயர் முனை மட்டும்தான் கருகியிருக்கும். ஒரு அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு கேப்பை மறுபடி திருகினால் போதும்.

மீட்டர் வைத்திருப்பவர்களும் ஒரு இடத்தில் வழுக்குகிறார்கள். காயிலைக் குளிர்ந்த நிலையில் அளந்துவிட்டு நல்லது என்பார்கள், அல்லது புத்தகத்தில் போட்டிருப்பதைவிடக் கொஞ்சம் வித்தியாசம் என்று தூக்கிப் போடுவார்கள். செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் 20 டிகிரிக்கான அளவு. மார்கழிக் காலையில் 8 டிகிரியில் அளந்தால் கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைவாகக் காட்டும். அது கோளாறு இல்லை. இன்ஜின் சூட்டில் 100 டிகிரி போனால் 30 சதவீதம் வரை கூடும், அதுவும் இயல்புதான். சூடாகும்போது அளவு திடீரென்று குதிக்கிறதா, அறுந்துபோனது போல ஒன்றுமே காட்டாமல் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பல்சர் காயிலும் (ஸ்பார்க் அடிக்கும் நேரத்தைச் சொல்லும் சுருள்) மேக்னட் காயிலும் (இன்ஜின் சுழலும்போது கரண்ட் தரும் சுருள்) இப்படித்தான் சாகும்: 20 நிமிடம் ஓடும், நிற்கும், அரை மணி ஆறினால் மறுபடி ஓடும். வண்டி நின்றவுடன் அளக்க வேண்டும்; முடியாவிட்டால் ஹேர் டிரையரால் சூடேற்றிக்கொண்டே அளக்கலாம்.

ஒயருக்கும் இதே கதைதான். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் மிச்சமிருந்தாலும் மீட்டர் ‘தொடர்பு இருக்கிறது’ என்று பீப் அடிக்கும். பேட்டரியிலிருந்து கரண்ட் போகும் ஒயர் என்றால், அதன் வழியாக 21 வாட் இன்டிகேட்டர் பல்பு ஒன்றை எரிய வைத்து ஒயரை ஆட்டிப் பாருங்கள். மங்கினால் அங்கேதான் வியாதி.

சி.டி.ஐ.யில் இரண்டு வகை உண்டு என்பதை மறந்து கையில் கிடைத்ததை மாட்டுவது காசைக் கரியாக்கும் தவறு. சாவி போட்டதும் சி.டி.ஐ. கப்ளரின் ஏதாவது ஒரு ஒயரில் 12 வோல்ட் வந்தால் அது பேட்டரியில் ஓடும் டி.சி. வகை. குளிர்ந்த காலையில் சோர்ந்த பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 8, 9 வோல்ட்டுக்கு இறங்கினால் ஸ்பார்க்கே வராமல் போகலாம். 12 வோல்ட் வராவிட்டால் மேக்னட் காயிலிலிருந்து நேராக வாங்கும் ஏ.சி. வகையாக இருக்கலாம். அதில் கில் சுவிட்ச் கரண்டை வெட்டுவதில்லை. கில் ஒயரை எர்த்தில் தொட வைத்துத்தான் இன்ஜினை நிறுத்துகிறது. அந்த ஒயர் எங்கே உரசினாலும், சுவிட்சுக்குள் ஈரம் சேர்ந்தாலும் வண்டி நிற்கும். சோதிக்க வேண்டுமென்றால் சி.டி.ஐ. கப்ளரில் அந்த ஒயரை மட்டும் பிரித்துவிட்டு, சி.டி.ஐ. பக்க முனையில் தனி ஒயர் ஒன்றைக் கட்டி வெளியே விடுங்கள். இன்ஜினை நிறுத்த வேண்டியபோது அதைச் சேஸியில் தொட்டால் போதும். நின்ற இடத்திலேயே ஓட்டி, கோளாறு மறைகிறதா பாருங்கள்.

சோதனை முடிந்ததும் கில் ஒயரைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். கயிறு இழுத்தால் இன்ஜின் நிற்கும் டெதர் சுவிட்ச் தொந்தரவு தருகிறது என்று ஒயரையே வெட்டி டேப் சுற்றிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். சுற்றுலா வந்த பத்து வயதுக் குழந்தை சரிவில் ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டே போகும்போது, பின்னால் ஓடுகிறவர் கையில் இருக்கும் ஒரே பிரேக் அந்தக் கயிறுதான். சுவிட்சை மாற்றுங்கள், வெட்டாதீர்கள். யார் கேட்டாலும் நான் அதைச் செய்து தர மாட்டேன்.

பிரஷர் வாஷ் விஷயமும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். செம்மண்ணைக் கழுவுகிறேன் என்று கப்ளர் மேலேயே அடித்தால் பின்களில் பச்சை பூத்துவிடும். சுத்தம் செய்து, ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவி மூடுங்கள். எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள். மழைக்காலத்தில் ஷெட்டில் நிற்கும் வண்டியென்றால் சீட்டைத் தூக்கி எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கோத்தகிரித் தம்பியின் வண்டி ஏ.சி. வகை. நின்ற இரண்டு தடவையும் ஹாண்டில் இடப்பக்கம் ஒடித்திருந்தது என்று கேட்டபோதுதான் நினைவு வந்தது அவருக்கு. பட்டறையில் காய்ந்த நிலையில் எத்தனை முறை ஒடித்தும் ஒன்றும் ஆகவில்லை. ஸ்டீயரிங் தண்டு மேல் தண்ணீர் தெளித்து ஒடித்தவுடன் இன்ஜின் அணைந்தது. கருப்பு டேப்பைப் பிரித்துப் பார்த்தோம். ஒயர் கட்டை இழுத்துக் கட்டியிருந்த பிளாஸ்டிக் டைக்குப் பக்கத்தில், கில் ஒயரின் தோல் நகக்கண் அளவு தேய்ந்து, உள்ளே செம்பு பச்சையாகத் தெரிந்தது. சேறும் ஈரமும் சேர்ந்தால் எர்த், வெயிலில் காய்ந்தால் நல்ல வண்டி.

அந்த இடத்தை வெட்டி, பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, ஹாண்டில் இருபக்கமும் முழுதாகத் திரும்பும் அளவுக்கு ஒயரைத் தளர்வாகக் கட்டினோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு, பனி இறங்கிய நேரத்தில், இரண்டு மூட்டை உரத்தோடு அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். முந்தைய பட்டறையில் கழற்றிக் கொடுத்த பழைய சி.டி.ஐ.யையும் காயிலையும் தூக்கிப் போடாமல், பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஷெட்டில் உபரியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டையும் மாட்டிப் பார்த்தாயிற்று, நல்ல நிலையில்தான் இருக்கின்றன.