டிகிரிக்குப் பிறகு கடற்படை அதிகாரி ஆவது எப்படி? மூன்றாம் ஆண்டிலேயே தொடங்குங்கள்

இந்தியக் கடற்படையில் ஆஃபீசர் ஆக வேண்டும் என்று என்னிடம் கேட்டு வரும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் கடைசி செமஸ்டரில்தான் வருகிறார்கள். முதலில் டிகிரி கைக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். இன்ஜினியரிங் படிப்பவர்களுக்கு அதற்குள் பாதி விஷயம் முடிவாகியிருக்கும். ஏன் என்பது மூன்றாம் படியில் வருகிறது.

ஆரம்பிக்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சரக்குக் கப்பலில் வேலை செய்வது மெர்ச்சன்ட் நேவி, அது வேறு உலகம். அக்னிவீர் என்பது கடற்படையில் மாலுமியாகச் சேரும் வழி. நாம் பேசுவது கமிஷன் பெற்ற அதிகாரியாக, சப் லெப்டினன்ட் பதவியில் தொடங்குவதைப் பற்றி. அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், ராணுவப் பணி ஊதியம் 15,500, மற்ற படிகள் இதற்கு மேல்.

படி 1: உங்கள் டிகிரிக்கு எந்தக் கதவு திறக்கும்?

பி.இ., பி.டெக். படித்தவர்களுக்குக் கதவுகள் அதிகம். கப்பலை ஓட்டிப் போரிடும் எக்ஸிகியூட்டிவ் பிரிவு, இன்ஜினியரிங், எலெக்ட்ரிகல், விமானி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று பட்டியல் நீளும். இவற்றில் பலவற்றுக்கு 60 சதவீதம் தேவை. விமானம் சார்ந்த பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண்களையும் பார்ப்பார்கள், அதிலும் ஆங்கிலத்தில் 60 சதவீதம் இருக்கிறதா என்று தனியாகப் பார்ப்பார்கள்.

இன்ஜினியரிங் படிக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். எம்.பி.ஏ. முதல் வகுப்பு இருந்தால் லாஜிஸ்டிக்ஸ் பிரிவு உண்டு. பி.காம்., பி.எஸ்சி. முதல் வகுப்போடு நிதி, லாஜிஸ்டிக்ஸ், சப்ளை செயின் போன்ற துறையில் முதுநிலை டிப்ளமோ முடித்தவர்களையும் அங்கே எடுக்கிறார்கள். சட்டம் படித்தவர்களுக்குச் சட்டப் பிரிவு, எம்.எஸ்சி. கணிதம், இயற்பியல் போன்றவை படித்தவர்களுக்குக் கல்விப் பிரிவு. எல்லாப் பிரிவுக்கும் எல்லா முறையும் அறிவிப்பு வராது. வெறும் பி.ஏ. மட்டும் இருக்கிறது என்றால் நேரடி வழி குறைவு, அதை மறைப்பதில் பயனில்லை. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருந்தால் கடலோரக் காவல் படையின் அசிஸ்டென்ட் கமாண்டன்ட் பணியைப் பாருங்கள். அது கடற்படையின் பகுதி இல்லை, ஆனால் வெள்ளைச் சீருடையும் கப்பலும் கடலும் அங்கேயும் உண்டு.

படி 2: சி.டி.எஸ்.ஸா, எஸ்.எஸ்.சி.யா?

முப்படைகளுக்கும் அதிகாரிகளை எடுக்க யூ.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வு வழியாகக் கடற்படைக்குப் போனால் நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு வயது வரை பணி. கடற்படையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இன்ஜினியரிங் டிகிரி கட்டாயம். இது தெரியாமல் பி.காம். படித்தவர்கள் கடற்படை என்று நினைத்துக்கொண்டே ஒரு வருடம் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தேர்வில் அவர்களுக்குத் திறக்கும் கதவுகள் டேராடூனில் இருக்கும் இந்திய ராணுவ அகாடமியும் சென்னை பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியும்தான். கடற்படைக்கு எழுதுபவர்களுக்கு ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் என்று மூன்று தாள்கள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், 100 மதிப்பெண். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். கணிதத் தாள் பத்தாம் வகுப்பு அளவுதான், வேகம்தான் பிரச்சினை.

எஸ்.எஸ்.சி. என்கிற குறுகிய கால கமிஷனுக்கு எழுத்துத் தேர்வே இல்லாமல் டிகிரி மதிப்பெண்ணை வைத்து நேர்முகத் தேர்வுக்கு அழைக்கிறார்கள். முதலில் 10 ஆண்டுகள், பிறகு நீட்டிப்போடு அதிகபட்சம் 14 ஆண்டுகள். பெண்களுக்குப் பல பிரிவுகள் இந்த வழியில் திறந்திருக்கின்றன. தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு 2025 மே மாதம் உலகத்தைச் சுற்றி முடித்துத் திரும்பிய இரண்டு கடற்படை அதிகாரிகளில் லெப்டினன்ட் கமாண்டர் ரூபா புதுச்சேரிக்காரர் என்பதை நான் பார்க்கும் ஒவ்வொரு தங்கையிடமும் சொல்லிவிடுவேன்.

இரண்டுக்கும் தகுதி இருந்தால் இரண்டுக்கும் போடுங்கள். இரண்டு வழியிலும் திருமணமாகாதவர்களையே எடுக்கிறார்கள். வயது வரம்பு பிரிவுக்குப் பிரிவு மாறும், பொதுவாக 24, 25 வயதுக்குள் முடிந்துவிடும். அறிவிப்பில் வயதைப் போடாமல் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்குள் பிறந்திருக்க வேண்டும் என்று போடுவார்கள், ஒரு நாள் தள்ளியிருந்தாலும் அவ்வளவுதான்.

படி 3: ஐந்தாவது செமஸ்டர்

நான் முதலில் சொன்னது இதைத்தான். எஸ்.எஸ்.சி. நேர்முகத்துக்கு அழைப்பவர்களின் பட்டியலைத் தயாரிக்கும்போது பி.இ., பி.டெக். மாணவர்களுக்கு ஐந்தாவது செமஸ்டர் வரை வாங்கிய மதிப்பெண்ணைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அதாவது மூன்றாம் ஆண்டின் நடுவில் உங்கள் இடம் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. கடைசி ஆண்டில் 9 சி.ஜி.பி.ஏ. வாங்கினாலும் பட்டியலில் நீங்கள் மேலே ஏறப் போவதில்லை. இரண்டாம் ஆண்டில் அரியர் வைத்துவிட்டு, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று இருக்கும் தம்பிகள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் முதலாம் ஆண்டிலேயே சேர்ந்துவிடுங்கள். கடற்படைப் பிரிவில் 'சி' சான்றிதழ் வாங்கியவர்களுக்கு அழைப்புக்கான கட்-ஆஃபில் சலுகை உண்டு, சி.டி.எஸ்.ஸில் தனி இடங்களும் ஒதுக்குகிறார்கள்.

படி 4: எஸ்.எஸ்.பி.

அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் பெயர்தான் எஸ்.எஸ்.பி., அது நடத்தும் நேர்முகத் தேர்வையும் அப்படியே சொல்வார்கள். இரண்டு வழியும் இங்கேதான் வந்து சேர்கிறது. ஐந்து நாள். முதல் நாள் ஸ்கிரீனிங், அதில் பாதிக்கு மேல் பேர் அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்ப நேரிடலாம்.

அந்த முதல் நாளைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மங்கலான ஒரு படத்தை 30 நொடி காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் அதை வைத்து ஒரு கதை எழுத வேண்டும். பிறகு மார்பில் எண் குத்திய பத்துப் பதினைந்து பேரை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவரும் தன் கதையைச் சொன்னதும், எல்லோருமாகச் சேர்ந்து ஒரே கதைக்கு வாருங்கள் என்று விட்டுவிடுவார்கள். அடுத்த நொடி மீன் சந்தைதான். அந்தக் கூச்சலில் நீங்களும் கத்தினால் யார் காதிலும் விழாது. சத்தம் கொஞ்சம் தணியும் இடைவெளியில் இரண்டு வரி, எளிய ஆங்கிலத்தில், உருப்படியாகச் சொன்னால் போதும். தமிழ் வழியில் படித்த ஒரு பையன், பக்கத்தில் இருந்தவனைப் பேச விடுங்கள் என்று மற்றவர்களை அடக்கிவிட்டுத் தன் இரண்டு வரியைச் சொன்னான், ஸ்கிரீனிங்கில் தேறினான். இலக்கணப் பிழை அவன் பேச்சிலும் இருந்தது.

அடுத்து உளவியல் தேர்வு. ஒரு சொல்லைத் திரையில் காட்டுவார்கள், 15 நொடியில் ஒரு வாக்கியம், இப்படி 60 சொற்கள். தோல்வி என்று வந்தால், தோல்வியே வெற்றிக்கு முதல் படி என்று எழுதாதீர்கள், அதை ஊரே எழுதும். தோற்ற மேட்சை மறுநாள் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தோம் என்று எழுதுகிறவர் யார் என்பது படிக்கிறவருக்குப் புரியும். வீட்டில் பழக ஒரு வழி: தம்பியையோ அக்காவையோ அகராதியைப் புரட்டிச் சொற்களைச் சொல்லச் சொல்லி, போனில் நேரம் வைத்து, தினமும் 30 எழுதுங்கள். பத்து நாளில் கை தானாக ஓடும்.

குழுப் பணிகளில் பலகை, கயிறு, டிரம் கொடுத்துத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். இதற்குக் கோச்சிங்கை விட, விளையாடிப் பழகியதும் நண்பர்களோடு ஒரு வேலையை இழுத்துப் போட்டுச் செய்ததும்தான் கைகொடுக்கும். நேர்முகத்தில் உங்கள் ஊர், அப்பாவின் தொழில், பிடித்த பாடம் என்று விலாவாரியாகக் கேட்பார்கள். பொய் இரண்டாவது கேள்வியிலேயே வெளியே வந்துவிடும்.

முதல் முறை போகிறவர்களுக்கு ரயிலில் மூன்றடுக்கு ஏ.சி. கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள், டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள். தேறவில்லை என்றால் வயது இருக்கும் வரை மறுபடி போகலாம்.

படி 5: மருத்துவப் பரிசோதனை

விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கண் மருத்துவரிடம் நிறக் குருடு சோதனை செய்துகொள்ளுங்கள். பலருக்கு அது இருப்பதே தெரியாது. பச்சை குத்துவது, லேசிக் செய்வது இரண்டையும் விதிகளைப் படிக்காமல் செய்யாதீர்கள். நீச்சல் தெரியாது என்று பயப்பட வேண்டாம். கேரளத்தில் கண்ணூர் பக்கம் ஏழிமலையில் இருக்கும் இந்தியக் கடற்படை அகாடமியில் கற்றுக்கொடுப்பார்கள்.

எல்லாம் தேறி, தகுதிப் பட்டியலில் பெயர் வந்தால்தான் ஏழிமலைக்கு அழைப்பு வரும்.

இப்போதைக்கு ஒரு வேலை. கடற்படையின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி விவரங்களை நிரப்பி வையுங்கள். அப்படியே கல்லூரி அலுவலகத்தில், சி.ஜி.பி.ஏ.வைச் சதவீதமாக மாற்றும் சூத்திரத்துக்கான சான்றிதழைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதில் ஒரு கையெழுத்து வாங்கவே சில சமயம் இரண்டு வாரம் ஆகிறது.