நானோ பேட்டரி நியூஸ் கண்ணுல பட்டா அதை எப்படி அலசிப் பார்க்கறது

"நானோ டெக்னாலஜியில புது பேட்டரி, அஞ்சு நிமிஷத்துல ஃபுல் சார்ஜ், பத்து மடங்கு கெபாசிட்டி, இனி கிரிட்டுக்கே விடிவுகாலம்"னு அடிக்கடி ஒரு நியூஸ் வருது. படிச்ச உடனே மனசு துள்ளுது, ரெண்டு வருஷம் கழிச்சு அது எங்க போச்சுன்னே தெரியல. அதுக்காக எல்லாம் சும்மான்னு தள்ளிடவும் முடியாது, ஏன்னா கிரிட்டுக்காக (ஊரெல்லாம் கரண்ட் கொண்டு போற மின் கட்டமைப்புதான் கிரிட்) சோலார் பண்ணைகள் பக்கத்துல கன்டெய்னர் கன்டெய்னரா நிக்கிற பேட்டரிகளுக்குள்ள நானோ ஏற்கெனவே போய் உக்காந்து வேலை பார்த்துட்டுத்தான் இருக்கு, அதை யாரும் தனியா நானோன்னு சொல்லிக்கறதில்ல, அவ்ளோதான். வெயில் சாஞ்ச பிறகும் சூரிய கரண்ட் வேணும்னா ஸ்டோரேஜை விட்டா வழியில்ல, அதனால இதுல எது தேறும் எது தேறாதுன்னு நாமளே பார்த்துத் தெரிஞ்சுக்கறது நல்லது. நான் பார்க்கற முறையை எழுதுறேன், ஒரு பேப்பரும் கால்குலேட்டரும் இருந்தா போதும்.

முதல்ல கேக்க வேண்டியது ஒரே கேள்வி: சின்னதாக்கினதால இங்க என்ன நடக்குது? தூரம் குறையுதா, பரப்பு கூடுதா, விரிசல் விடாம இருக்கா? பேட்டரில பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணுதான் இருக்கும். மூணுல எதுன்னு அந்த நியூஸ்ல இருந்து கண்டுபிடிக்க முடியலைன்னா அதை அங்கயே மூடி வச்சுடுங்க.

தூரம்னா என்னன்னா, லித்தியம் அயனி எலக்ட்ரோடு (பேட்டரியோட பாசிடிவ், நெகடிவ் பக்கங்கள்) தூளோட ஒவ்வொரு மணிக்குள்ளயும், அதாவது துகளுக்குள்ளயும், புகுந்து வெளிய வரணும், அது திடப்பொருள், அங்க நேர் கோட்டுல ஓட முடியாது, திருவிழாக் கூட்டத்துல மாட்டினவன் மாதிரி முன்ன ரெண்டு அடி பின்ன ஒரு அடின்னு தடுமாறித்தான் போகும். அப்படிப் போறப்ப ஆகுற நேரம் தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். அதாவது 1,000 நானோமீட்டர் இருக்கற மணியை 100 நானோமீட்டரா குறைச்சா தூரம் 10 மடங்கு குறையுது, நேரம் 100 மடங்கு குறையுது! முன்னாடி 100 நிமிஷம் ஆன வேலை 1 நிமிஷத்துல முடியும். (தலைமுடியோட கனம் கிட்டத்தட்ட 80,000-ல இருந்து 1,00,000 நானோமீட்டர், அளவு புரியறதுக்காகச் சொல்றேன்.)

இதுக்கு நல்ல உதாரணம் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், எல்எஃப்பின்னு சொல்றாங்களே அதுதான். 1997-ல பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்எனஃப் குழு அதைப் பத்தி எழுதினப்ப அது கரண்டையே சரியா கடத்தாத பொருள், ரொம்ப மெதுவா சார்ஜ் பண்ணாத்தான் ஓரளவு கெபாசிட்டி கிடைச்சுது. அப்புறம் மணியைச் சின்னதாக்கி, மேல சில நானோமீட்டர் கனத்துல கார்பன் பூசினாங்க, அதே பொருள் வேகமா வேலை செய்ய ஆரம்பிச்சுது. நிக்கல் வேண்டாம், கோபால்ட் வேண்டாம், பாஸ்பேட் பிணைப்பு ஆக்சிஜனை இறுக்கிப் பிடிச்சுக்கறதால சூடானாலும் மத்ததை விட அடங்கி நிக்கும், அதனாலதான் கிரிட் பேட்டரிகள்ல இன்னைக்கு இதுக்கு அவ்ளோ மவுசு. என்னைக் கேட்டா நானோ கிரிட்டுக்குச் செஞ்ச பெரிய உபகாரம் இந்தக் கார்பன் பூச்சுதான்.

பரப்பு கூடுறதுக்கு சூப்பர் கெபாசிட்டரைப் பாருங்க, அது பேட்டரி மாதிரியே சார்ஜ் சேமிக்கற இன்னொரு சாதனம். அதுல இருக்கற ஆக்டிவேட்டட் கார்பன் 1 கிராமுக்கு 1,000-ல இருந்து 2,000 சதுர மீட்டர் வரைக்கும் உள்பரப்பு இருக்கும், எல்லாம் நானோ அளவு துளைகள், நாலு கிராம் தூளுக்குள்ள ஒரு ஃபுட்பால் கிரவுண்டையே சுருட்டி வச்ச மாதிரி. சார்ஜ் மேற்பரப்புலயே ஒட்டிக்கறதால நொடியில ஏறும் நொடியில இறங்கும், லட்சக்கணக்கான சைக்கிள் தாங்கும் (ஒரு தடவை ஏறி இறங்கினா ஒரு சைக்கிள்). ஆனா சாதாரணமா 1 கிலோவுக்கு 5-ல இருந்து 10 வாட்-அவர்தான் கொள்ளும், லித்தியம் அயான் செல்லு 150-ல இருந்து 250 வரைக்கும் கொள்ளும். அதனால கிரிட்டோட ஃப்ரீக்வென்சி சில நொடி ஆடுறப்ப தாங்கிப் பிடிக்க சூப்பர் கெபாசிட்டர் சரியான ஆளு, ராத்திரி முழுக்க ஊருக்கு கரண்ட் குடுக்கும்னு யாராவது எழுதினா இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, பதில் தானா வந்துடும்.

விரிசல் கதை சிலிக்கானோடது. நெகடிவ் பக்கம் வழக்கமா வைக்கற கிராஃபைட் 1 கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-அவர் பிடிக்கும், சிலிக்கான் கிட்டத்தட்ட 3,600 பிடிக்கும். ஆனா லித்தியம் உள்ள போனதும் சிலிக்கான் சுமார் 300 சதவீதம் வீங்கும், திரும்ப சுருங்கும், நாலு தடவை ஏறி இறங்கினா தூள் தூளா உடைஞ்சுடும். 2008-ல ஸ்டான்ஃபோர்டுல யீ சூய் குழு சிலிக்கானை நானோ கம்பிகளா வளர்த்துக் காட்டினாங்க, கம்பிக்குப் பக்கத்துல இடம் இருக்கறதால வீங்கினாலும் உடையல. சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழ இருக்கற சிலிக்கான் மணிகள் முதல் சார்ஜ்ல விரிசல் விடறதில்லன்னு 2012-ல தெரிய வந்துச்சு. அருமையான வேலை, சந்தேகமே இல்ல.

இங்கதான் ரெண்டாவது கேள்வி: அந்தப் பரப்புக்கு என்ன விலை குடுத்தாங்க? பரப்பு கூடினா நல்லது மட்டும் கூடாது, தேவையில்லாத ரியாக்‌ஷனும் சேர்ந்து கூடும். எலக்ட்ரோலைட் (ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல அயனி நீந்திப் போற திரவம்) நெகடிவ் பக்கம் பட்ட இடமெல்லாம் உடைஞ்சு ஒரு மெல்லிய படலமா படியுது, அந்தப் படலம் கொஞ்சம் லித்தியத்தை முழுங்கிடும், திரும்பத் தராது. சிலிக்கான் வீங்கி சுருங்கறப்ப படலம் கிழியும், புதுசா படியும், திரும்ப முழுங்கும். அதனால நியூஸ்ல கூலம்பிக் எஃபிஷியன்சின்னு ஒரு நம்பர் இருக்கான்னு தேடுங்க, உள்ள போட்ட சார்ஜ்ல எவ்வளவு திரும்ப வருதுங்கறதுதான் அது. 99.9 சதவீதம்னு போட்டிருந்தா பார்க்க பிரமாதமா இருக்கும், கால்குலேட்டரை எடுத்து 0.999-ஐ 1,000 தடவை பெருக்குங்க, 0.37 வரும்! அதாவது எக்ஸ்ட்ரா லித்தியம் வைக்காத செல்லுல ஆயிரம் சைக்கிள்ல 37 சதவீதம்தான் மிச்சம். 99.99-ன்னா 90 சதவீதம் மிச்சம். தினம் ஒரு சைக்கிள் வீதம் 10 வருஷத்துக்கு 3,650 சைக்கிள், அப்போ அந்த 99.99 கூட 69-க்கு வந்துடும். தோராயக் கணக்குதான், இழப்பெல்லாம் லித்தியம் இழப்பாவே இருக்கணும்னு இல்ல, ஆனாலும் தசமப் புள்ளிக்கு அப்புறம் எத்தனை 9 இருக்குன்னு ஏன் இவ்ளோ சண்டை போடறாங்கன்னு இதுல புரிஞ்சுடும்.

மூணாவது, அந்த "பத்து மடங்கு" எதோட பத்து மடங்கு? நிறைய இடத்துல அது தூளோட கணக்கு, பேட்டரியோட கணக்கு இல்ல. ஒரு உதாரணம் போடுவோம், 1 கிலோ செல்லுல நெகடிவ் தூள் 200 கிராம்னு வச்சுக்கங்க, அதுக்குப் பதிலா பத்து மடங்கு பிடிக்கற தூள் வந்தா 20 கிராம் போதும், 180 கிராம் மிச்சம், செல்லு 820 கிராமா ஆகுது. பாசிடிவ் தூள், காப்பர் தகடு, அலுமினியம் தகடு, எலக்ட்ரோலைட், உறை எல்லாம் அப்படியேதானே இருக்கு. ஆக 1,000-ஐ 820-ஆல வகுத்தா 1.22, அதாவது 22 சதவீதம் லாபம். 22 சதவீதம் சின்ன விஷயம் இல்லைங்க, பெரிய முன்னேற்றம், ஆனா பத்து மடங்கு வேற 22 சதவீதம் வேற. அதோட லிட்டர் கணக்கையும் கேளுங்க, நானோ தூள் பஞ்சு மாதிரி, அழுத்தி நிரப்பறது கஷ்டம், எடையில ஜெயிச்சுட்டு இடத்துல தோத்துடும். லேப்ல தகடு மேல ரொம்ப மெல்லிசா பூசி, சட்டைப் பட்டன் சைஸ் செல்லுல டெஸ்ட் பண்ணியிருந்தா அந்த வேகம் ஃபேக்டரி கனத்துல கிடைக்காது.

நாலாவதுதான் கிரிட்டுக்கு உயிரான கேள்வி, பலரும் இதை விட்டுடறாங்க. போனுக்கும் காருக்கும் எடை முக்கியம். தரையில கான்கிரீட் மேல நிக்கிற கிரிட் பேட்டரி ரெண்டு டன் கூட இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்? அங்க பார்க்க வேண்டியது ஆயுள் முழுக்க சேமிச்சுத் தர்ற ஒவ்வொரு யூனிட்டுக்கும் எவ்வளவு செலவாகுதுங்கறதுதான். விலையை, கெபாசிட்டி பெருக்கல் சைக்கிள் எண்ணிக்கையால வகுங்க. புது நானோ பேட்டரி விலை 150, 1,500 சைக்கிள்னா ஒரு சைக்கிளுக்கு 0.1. பழைய கனமான பேட்டரி அதே கெபாசிட்டி, விலை 100, 6,000 சைக்கிள்னா 0.017 தான் வரும், கிட்டத்தட்ட ஆறு மடங்கு மலிவு. இந்தக் கணக்குல நானோ ஜெயிக்கணும்னா ஆயுளைக் கூட்டணும். நெகடிவ் பக்கம் கிராஃபைட்டுக்குப் பதிலா வைக்கற லித்தியம் டைட்டனேட் அப்படி ஒண்ணு, சார்ஜ் ஏறினாலும் இறங்கினாலும் அதோட அளவு மாறவே மாறாதுன்னு சொல்லலாம், நானோ மணிகளா பண்ணா வேகமும் சேர்ந்துடும், ஆயிரக்கணக்குல சைக்கிள் ஓடும். ஆனா 1 கிராமுக்கு 175 மில்லிஆம்பியர்-அவர்தான், வோல்டேஜும் குறையும், அதனால அதே யூனிட்டுக்கு நிறைய செல் வாங்கணும்.

பேட்டரிக்கு வெளியவும் ஒரு பார்வை பாருங்க. 1988-ல ஜப்பான்ல இரும்பு கலந்த நானோ படிக ரிப்பன் வந்துச்சு, மணி அளவு சுமார் 10 நானோமீட்டர், காந்த இழப்பு ரொம்பக் குறைவு, கன்வெர்ட்டர்கள்ல இருக்கற ஹை-ஃப்ரீக்வென்சி டிரான்ஸ்ஃபார்மர், கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி இடங்கள்ல அது உழைக்குது. கம்பத்துல தொங்கற டிஸ்ட்ரிப்யூஷன் டிரான்ஸ்ஃபார்மர்ல சும்மா இருக்கறப்ப ஆகுற இழப்பைக் குறைக்கறது அமார்ஃபஸ் உலோகம் (அணுக்கள் படிகமா அடுக்கப்படாத உலோகம்), அது நானோ இல்ல, ரெண்டையும் போட்டுக் குழப்பி எழுதுவாங்க. டிரான்ஸ்ஃபார்மர் ஆயில்ல நானோ தூள் கலந்தா இன்சுலேஷன் வலு கூடுதுன்னு லேப்ல பார்த்திருக்காங்க, அதுல கேக்க வேண்டியது, தூள் அடியில படியாம எத்தனை வருஷம் இருக்கும்? டிரான்ஸ்ஃபார்மர் முப்பது வருஷம் ஓட வேண்டிய பொருளாச்சே. டிசி ஹை-வோல்டேஜ் கேபிள் கதை இன்னும் நம்பிக்கையானது, பாலிஎத்திலீன்ல மெக்னீசியம் ஆக்சைடு நானோ மணிகளைக் கொஞ்சமா கலந்தா உள்ள சார்ஜ் தேங்கி நிக்கறது குறையுது, தேங்கற சார்ஜ்தான் இன்சுலேஷனை அரிச்சுத் தின்னும்.

தூளா விக்கிற கார்பன் நானோ டியூபை வாங்கி வீட்டுல எலக்ட்ரோடு செஞ்சு பார்க்கலாம்னு மட்டும் தயவுசெஞ்சு இறங்காதீங்க, காத்துல பறந்து நுரையீரல்ல ஆழமா போய் உக்காந்துடும்.

சரி, ஒண்ணு சேர்ந்து பார்த்துடுவோம். "சிலிக்கான் நானோ பேட்டரி, 1 கிராமுக்கு 3,000 மில்லிஆம்பியர்-அவர், 500 சைக்கிள், கிரிட்டுக்கு உகந்தது"ன்னு ஒரு செய்தி இருக்குன்னு வச்சுக்கங்க. நானோ என்ன பண்ணுது? விரிசலைத் தடுக்குது, சரி. 3,000-ங்கறது தூளோட கணக்கு, செல்லுக்கு 20 சதவீதம் பக்கம்தான் லாபம் வரும். கூலம்பிக் எஃபிஷியன்சி போடல, ஒரு கேள்விக்குறி போட்டுக்கங்க. 500 சைக்கிள், தினம் ஒண்ணுன்னா ஒன்றரை வருஷம்கூட முழுசா வராது, கிரிட்டுங்கற வார்த்தையை அடிச்சுடுங்க. எடை முக்கியமான டிரோனுக்கு, போனுக்கு இது பொருந்தலாம், அந்தப் பக்கத்துல எழுதி வச்சுட்டு அடுத்த செய்தியில சைக்கிள் 3,000-ஐத் தாண்டியிருக்கான்னு பாருங்க.