பூ உதிர்ந்த ஆர்கிட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

கடைசிப் பூவும் உதிர்ந்ததும் செடி செத்துவிட்டது என்று எங்கள் பெங்களூரு அல்சூர் குடியிருப்பில் சிலர் குப்பையோடு வைத்துவிடுகிறார்கள். நான் எடுத்து வந்துவிடுவேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை.

ஃபலனாப்சிஸ் என்ற ஆர்கிட் வகை என்றால் முதலில் பூந்தண்டைப் பாருங்கள். காய்ந்து பழுப்பாகியிருந்தால் அடியோடு வெட்டுங்கள். பச்சையாக இருந்தால் கீழிருந்து இரண்டாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டலாம். அங்கிருந்து கிளைத்து மறுபடி பூக்கக்கூடும். இலை தளர்ந்த செடியா? அப்போது பச்சைத் தண்டையும் எடுத்துவிட வேண்டும் என்பதே என் கட்சி. கத்தரியைத் தீயில் காட்டிக்கொள்ளுங்கள். டென்ட்ரோபியம் என்ற இன்னொரு ஆர்கிட் வகையில் மட்டும் பூத்து முடித்த தடித்த தண்டை வெட்டக் கூடாது, அதுதான் அதன் சேமிப்பு.

அப்புறம் தொட்டி. மண்ணுக்குப் பதில் அதில் நிரப்பியிருக்கும் மரப்பட்டை மக்கியிருந்தால் மாற்ற இதுதான் நேரம். அழுகிய வேரை நறுக்கிவிட்டு, புதுப் பட்டையும் கரித்துண்டும் போடுங்கள். தோட்டமண் வேண்டவே வேண்டாம். வேர் வெள்ளி நிறமானால் தண்ணீர். பச்சையாக இருந்தால் பொறுங்கள். நடுக்குருத்தில் நீர் தேங்கக் கூடாது.

இளம் காலை வெயில் படும் கிழக்கு ஜன்னல் போதும். டிசம்பர், ஜனவரியில் பெங்களூரு இரவுகள் 15, 16 டிகிரிக்கு இறங்கும். அந்தக் குளிர்தான் அடுத்த பூந்தண்டைக் கிளப்பிவிடும், அதனால் ஜன்னலை முழுக்கச் சாத்தாதீர்கள், கொசுவலை இருக்கிறதல்லவா.